ஞாயிற்றுக்கிழமை ஓடாதவருக்குக் கிடைத்த தங்கம் கீழ்ப்படிதலுக்கான கூலியா?

ஏரிக்கரை (பாரூர்):
கிருஷ்ணகிரியில் போன வாரம் ஒரு வாலிபர் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் எரிக் லிடில் கதையை எடுத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அந்த ஸ்காட்லாந்துக்காரர் விலகினார். 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். இதுவரைக்கும் எல்லோரும் அறிந்ததுதான். அதற்குமேல் பேச்சாளர் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு எரிச்சல். “கப்பலில் ஏறும்போதுதான் அவருக்கு ஞாயிறு என்று தெரிந்தது. அந்த நிமிடமே விட்டுக்கொடுத்தார். பயிற்சியே செய்யாத ஓட்டத்தில் கர்த்தர் தங்கம் கொடுத்தார். நீட் தேர்வும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. யார் கர்த்தரைக் கனம்பண்ணப் போகிறீர்கள்?” என்று கேட்டார். முன்வரிசையில் என் அக்காள் மகள். தருமபுரியில் விடுதியில் தங்கி இரண்டாம் முறை எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, “மாமா, நான் எழுதட்டுமா வேண்டாமா?” என்கிறாள். பேச்சாளர் காணிக்கை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். கீழ்ப்படிந்தால் வெற்றி நிச்சயம் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

சீயோன் மகள்:
யோசுவா 1:8 வாசியுங்கள் சகோதரரே. நியாயப்பிரமாணத்தின்படி நடந்தால் உன் வழியை வாய்க்கப்பண்ணுவாய் என்று இருக்கிறது. 1 சாமுவேல் 2:30, “என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்.” பாரிஸில் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தன்று லிடிலின் கையில் கொடுக்கப்பட்ட சீட்டில் இதே வசனம்தான் எழுதியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். தேர்வு எழுதாதே என்று ஊழியக்காரர் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். குற்றமுள்ள நெஞ்சுக்குத்தான் குத்தும்.

விசில் வாத்தியார் (காவேரிப்பட்டணம்):
உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேதத்தைப் பற்றி நீங்கள் சண்டையிடுங்கள். ஓட்டத்தைப் பற்றி நான் பேசுகிறேன். கப்பல் கதை பொய். போட்டி அட்டவணை மாதக்கணக்கில் முன்னதாகவே வெளியாகிவிட்டது. லிடிலுக்கும் அப்போதே தெரியும். அவருடைய பயிற்சியாளர் டாம் மெக்கெர்ச்சர். 100 மீட்டர் இல்லை என்று முடிவானபின் அந்த மாதங்கள் முழுவதும் 400 மீட்டருக்குத்தான் உழைத்தார்கள். 47.6 வினாடி, ஒலிம்பிக் சாதனை. பயிற்சி இல்லாமல் 47.6 வராது அம்மா. ஜெபம் செய்தாலும் வராது, உபவாசம் இருந்தாலும் வராது.

சீயோன் மகள்:
கர்த்தரால் கூடாத காரியம் உண்டோ?

விசில் வாத்தியார்:
கர்த்தரால் கூடும். தொடைத் தசையால் கூடாது. கப்பலில் ஏறும்போதுதான் தெரிந்தது என்பது பொய் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

ராயக்கோட்டை மண்டி:
ஐயா, தக்காளிக்காரன் ஒரு கேள்வி கேட்கலாமா? ஞாயிற்றுக்கிழமை பறிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை அது சாஸ் கம்பெனிக்குக்கூட ஆகாது. நான் கீழ்ப்படியாதவன் பட்டியலில் இருக்கிறேனா? இருந்தால் சொல்லிவிடுங்கள். அறுப்பின் பண்டிகைக்குக் கேட்கிற பெட்டியை இந்த வருடம் மிச்சம் பிடித்துக்கொள்கிறேன். அந்தத் தக்காளியும் பல நேரம் ஞாயிறு விடியலில் பறித்ததுதான். அதை யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை.

சீயோன் மகள்:
காணிக்கையைக் கேலி செய்யாதீர்கள்.

ராயக்கோட்டை மண்டி:
கேலி இல்லை அக்கா, கணக்கு.

ஓய்வுநாள் (ஓசூர்):
எல்லோருமே அடிப்படையைத் தவறவிட்டுவிட்டீர்கள். ஓய்வுநாள் ஏழாம் நாள், அதாவது சனிக்கிழமை. லிடில் நல்ல மனிதர், கிழமைதான் தவறிவிட்டது. எங்கள் அட்வென்டிஸ்ட் சபையின் தெற்காசியத் தலைமையகமே ஓசூரில்தான் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து கேட்கலாம்.

கோவிலூர் மணி (தருமபுரி):
தொடங்கிவிட்டார். எந்த விவாதமாக இருந்தாலும் இவருக்குச் சனிக்கிழமைதான் வரும். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் சனி மாலைத் திருப்பலியிலேயே ஞாயிறு கடமை நிறைவேறிவிடுகிறது. நீட் தேர்வு மதியம் 2 மணிக்குத்தான் ஆரம்பம். அந்தப் பிள்ளை சனி மாலை ஆண்டவரைப் பார்த்துவிட்டு ஞாயிறு மதியம் தாவரவியல் எழுதட்டும். இதில் என்ன கூத்து?

ஓய்வுநாள்:
சனி மாலை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாதி வழி வந்தாயிற்று.

ஏரிக்கரை:
நான் கேட்டது கிழமை அல்ல. கீழ்ப்படிகிறவன் தோற்கவே மாட்டானா? அந்த 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் ஹரோல்ட் ஆபிரகாம்ஸ். யூதர். ஞாயிறு தகுதிச் சுற்றில் ஓடி, மறுநாள் தங்கம் வாங்கினார். அவரை யார் கனம்பண்ணியது? லிடில் அதே வாரம் 200 மீட்டரில் வெண்கலம்தான் வாங்கினார். அந்த ஓட்டத்தில் கீழ்ப்படிதல் கொஞ்சம் குறைந்துவிட்டதா?

சீயோன் மகள்:
ஆபிரகாம்ஸை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? லிடிலை உலகமே நினைக்கிறது. அதுதான் கனம்.

விசில் வாத்தியார்:
உலகம் நினைப்பது ஒரு திரைப்படத்தால். கப்பல் காட்சியும் அந்தத் திரைப்படம் கட்டியதுதான். எடுத்தவர்கள் கதைக்கு விறுவிறுப்பு வேண்டும் என்று சேர்த்ததை உங்கள் ஊழியக்காரர் பிரசங்க மேடையில் சாட்சியாக விற்கிறார். மாதக்கணக்கில் தெரிந்திருந்தும் அசையாமல் நின்றார் என்பதுதான் பெரிய விஷயம். ஒரு நிமிடத்தில் உணர்ச்சிவசப்பட்டு விட்டுக்கொடுப்பது எளிது. நாட்டு மக்கள் திட்ட, பத்திரிகைகள் எழுத, பனிக்காலம் முழுவதும் அதே முடிவோடு விடியற்காலையில் எழுந்து வேறொரு ஓட்டத்துக்கு உழைப்பது எளிதா? கப்பலை வைத்துக்கொண்டு நீங்கள்தான் அவருடைய கீழ்ப்படிதலைச் சிறியதாக்குகிறீர்கள். இதைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருப்பேன். என்னைத்தான் எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லையே.

சீயோன் மகள்:
ஏன் அழைப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

விசில் வாத்தியார்:
தெரியும். உங்கள் சபையின் கன்வென்ஷன் பந்தலுக்காகப் பள்ளி மைதானத்தில் குழி தோண்டினீர்கள். மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம். ஓடுபாதை நடுவில். கேட்டதற்கு, “தேவ காரியம்” என்றீர்கள். என் பிள்ளைகள் தார்ச்சாலையில் ஓடிக் கணுக்காலைக் கெடுத்துக்கொண்டார்கள். அது எந்தக் கீழ்ப்படிதல்?

சீயோன் மகள்:
குழிகளை மூடிக் கொடுத்தோம். அனுமதிக் கடிதமும் இருந்தது.

விசில் வாத்தியார்:
மூன்று குழிகளை மூடவில்லை.

பழைய பதிவேடு (கிருஷ்ணகிரி):
பாரிஸுக்கு எதற்குப் போகவேண்டும்? நம் ஊரிலேயே இருக்கிறது. தியோடர் நேத்தர் என்ற ஜெர்மானிய மிஷனரி தன்னை அனுப்பிய லைப்சிக் மிஷனோடு உபதேச விஷயத்தில் முரண்பட்டுப் பிரிந்தார். வேதம் பிழையற்றது என்ற கொள்கையில் இம்மியும் இறங்கமாட்டேன் என்றார். பிறகு அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபை அனுப்ப, 1895இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார். 1904இல் பிளேக் நோயில் இறந்தார். தங்கமும் இல்லை, சாதனையும் இல்லை. அவர் தோற்றவரா?

கோவிலூர் மணி:
ஐயா, விவாதம் தக்காளியில் இருந்தாலும் உங்கள் லூத்தரன் வரலாறு வந்து சேர்ந்துவிடுகிறது.

பழைய பதிவேடு:
வரலாறு இருக்கிறவர்கள் சொல்கிறார்கள்.

கோவிலூர் மணி:
எங்களுக்கு இல்லையா? நீங்கள் சொல்லும் 1895க்கு முன்பே இந்தப் பக்கம் கத்தோலிக்கக் குருக்கள் வந்துவிட்டார்கள். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமல் பிரிந்து வந்தவரைக் கீழ்ப்படிதலுக்கு உதாரணம் காட்டுகிறீர்களே, அது எப்படி? எங்களில் ஒரு குருவை ஆயர் வேறு பங்குக்கு மாற்றினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். அதற்குப் பெயர்தான் கீழ்ப்படிதல்.

பழைய பதிவேடு:
மனிதருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம். அப்போஸ்தலர் 5:29. உங்கள் பேதுருதான் சொன்னார்.

ராயக்கோட்டை மண்டி:
பேதுரு மீனவர். அவருக்குச் சரக்கு அழுகுவது தெரியும். அவர் வந்தால் என் பிரச்சினையைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
சீயோன் மகள் அக்கா சொன்ன வசனத்துக்கு வருகிறேன். 1 சாமுவேல் 2:30 யாருக்குச் சொல்லப்பட்டது? ஆசாரியன் ஏலிக்கு. உன் பிள்ளைகளை என்னைப்பார்க்கிலும் மதித்தாய் என்று முந்தைய வசனத்தில் கண்டிக்கிறார். அதன்பின் ஏலியின் இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் சாகிறார்கள். பதக்கம் தருகிறேன் என்ற வாக்கு அல்ல, ஒரு குடும்பத்தின் மீது விழுந்த தீர்ப்பு. அதில் பாதியைக் கிழித்துப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது நியாயமா?

சீயோன் மகள்:
உங்கள் அக்காள் மகளைவிடக் கர்த்தரை மதிக்கிறீர்களா என்று அதே வசனம் உங்களையும் கேட்கிறது. யோசியுங்கள்.

ஏரிக்கரை:
இப்படிப் பேசினால் எதற்குத்தான் பதில் சொல்வது? லிடில் 1925இல் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1945 பிப்ரவரியில் அங்கே ஜப்பானியர் நடத்திய வெய்சியன் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43. மனைவி, பிள்ளைகள் கனடாவில். அந்த ஆண்டு ஆகஸ்டில் முகாம் விடுதலையானது. அதைப் பார்க்க அவர் இல்லை. உங்கள் பேச்சாளர் இந்தப் பாதியை ஏன் சொல்லவில்லை? அங்கே தங்கம் இல்லை என்பதாலா?

விசில் வாத்தியார்:
அதே முகாமில் இன்னொன்று நடந்தது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடி அடிதடியில் இறங்கினார்கள். ஞாயிறு விளையாட்டு வேண்டாம் என்று முதலில் சொன்ன லிடிலே, பிறகு ஞாயிற்றுக்கிழமை இறங்கி நடுவராக நின்றார். அங்கிருந்து மீண்டவர்கள் சொன்னது. ஒலிம்பிக்குக்கு வளையாத மனிதர், சண்டை போடும் பிள்ளைகளுக்காக விசிலை எடுத்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் எனக்குப் பெரியவர்.

ஓய்வுநாள்:
ஞாயிறு ஓய்வுநாள் இல்லை என்று கடைசியில் அவருக்கே விளங்கியிருக்கலாம்.

விசில் வாத்தியார்:
தம்பி, உமக்கு மஞ்சள் அட்டை.

சீயோன் மகள்:
பாருங்கள், நீங்களே அவரைப் பெரியவர் என்கிறீர்கள். கர்த்தர் கனம்பண்ணியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நான் முதலிலிருந்து சொல்வது அதுதான்.

விசில் வாத்தியார்:
நீங்கள் முதலிலிருந்து சொல்வது கப்பல்.

சீயோன் மகள்:
கப்பல் என்று நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஏரிக்கரைதான் எழுதினார். மேலே போய்ப் பாருங்கள்.

விசில் வாத்தியார்:
மறுக்கவும் இல்லையே. மேடையில் பொய் சொன்னபோது கைதட்டினீர்கள். மாதங்களுக்கு முன்பே தெரியும், மாதங்கள் பயிற்சி செய்தார். இதை நீங்கள் எழுதும்வரை நான் நகரமாட்டேன்.

ஏரிக்கரை:
ஐயா, அவர் முதல் நாள் தெரிந்துகொண்டாரா கடைசி நாள் தெரிந்துகொண்டாரா என்பதல்ல விஷயம்.

விசில் வாத்தியார்:
அதுதான் விஷயம். அந்தப் பிள்ளையிடம் பயிற்சி இல்லாமல் தங்கம் வந்தது என்று சொன்னார்களா இல்லையா? பிறகு ஏன் விடுதிக் கட்டணம்?

கோவிலூர் மணி:
விடுதிக் கட்டணம் என்றதும் ஞாபகம் வந்தது. ஞாயிறு காலையில் கோவிலுக்கு அனுப்பாத விடுதிகள் தருமபுரியில் எத்தனையோ. அதைப் பற்றி எந்தப் பேச்சாளராவது வாய் திறந்தாரா? பாதிப் பேர் அந்த விடுதி முதலாளிகளிடம்தான் நன்கொடை வாங்குகிறார்கள்.

சீயோன் மகள்:
ஆதாரம் இல்லாமல் ஊழியக்காரர்கள் மேல் கை நீட்டாதீர்கள். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள் என்று இருக்கிறது.

பழைய பதிவேடு:
சங்கீதம் 105:15. அதுவும் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றிச் சொன்னது. வாலிபர் கூட்டப் பேச்சாளர்களைப் பற்றி அல்ல.

சீயோன் மகள்:
வசனத்தைச் சொன்னால் யாருக்குச் சொன்னது என்கிறீர்கள். நீங்கள் சொன்ன அப்போஸ்தலர் 5:29 மட்டும் நேத்தருக்குச் சொன்னதா?

ராயக்கோட்டை மண்டி:
அக்காளுக்கு ஒரு மதிப்பெண்.

விசில் வாத்தியார்:
மதிப்பெண் போட நீ யார்? சீயோன் மகள் இன்னும் பதில் சொல்லவில்லை. அட்டவணை எப்போது வெளியானது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சீயோன் மகள்:
மூன்று குழிகள் என்றீர்களே, எங்கே என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். கடிதம் என் கணவரிடம் இருக்கிறது. எல்லாக் குழியும் மூடியாயிற்று என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்டது.

விசில் வாத்தியார்:
தலைமையாசிரியர் மைதானத்துக்கு வந்ததே கிடையாது. நீளம் தாண்டும் மணல் குழிக்கு மேற்கே ஒன்று, கொடிக்கம்பத்தின் அருகில் ஒன்று. மூன்றாவதை நேரில் காட்டுகிறேன். சனிக்கிழமை வாருங்கள்.

ஓய்வுநாள்:
சனிக்கிழமை நான் வர இயலாது.