மறு: ‘எதிர்ப்பு’ வேண்டாம், ‘மசியாக் கிருமி’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக வேலை பார்க்கிறேன். கையைக் கிருமி இல்லாமல் வைத்துக்கொள்ளும் ‘ஹேண்ட் ஹைஜீன்’, கிருமியிடம் மருந்து பலிக்காமல் போகும் ‘டிரக் ரெசிஸ்டன்ஸ்’ இரண்டுக்கும் வார்டு வாசல் பலகையில் எழுதத் தமிழ்ச்சொல் இங்கே கேட்டிருந்தேன். அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த பரிந்துரைகளைச் செவிலியர்களிடமும் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

> ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். வழக்கில் உள்ளதை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘எதிர்ப்பு’ என்றதும் மக்கள் மனத்தில் வருவது நோய் எதிர்ப்புச் சக்தி. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீருக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காது நிறையக் கேட்ட சொல் அது. எதிர்ப்பு கூடினால் நல்லது என்றே பழகியிருக்கிறோம். ‘அம்மாவுக்கு வந்திருப்பது எதிர்ப்புத்திறன் உள்ள கிருமி’ என்று மகனிடம் சொன்னால், அவர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார். போதாததற்கு ஆன்டிபயாட்டிக்கை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்கிறோம். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுதினால் யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே தெரியாது.

‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு சிஸ்டர்’ என்று சொல்லாத குடும்பம் குறைவு. நம் ஊரில் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டபோது 76% பேர் உடம்புதான் மாறுகிறது என்று நம்பினார்கள். மாறுவது பாக்டீரியா. இந்தத் தெளிவு சொல்லிலேயே இருக்க வேண்டும். கிருமிதான் அடங்கவில்லை என்பது கேட்டவுடன் விளங்க வேண்டும்.

‘மருந்துமீறல்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் விதிமீறல் போல, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளியின் குற்றமாகத் தொனிக்கிறது. ‘மருந்தடங்காமை’யில் சிறுநீர் அடங்காமை குறுக்கே வருகிறது. பேச்சில் எல்லோரும் சொல்வது ‘காய்ச்சல் மருந்துக்குக் கேக்கல’ என்பதுதான். அந்த ‘கேட்டல்’ எனக்கு மிகவும் விருப்பம். ஆனால் ‘மருந்துகேளாக் கிருமி’ என்று தொகையாக்கினால், மருந்தே கேட்காத கிருமி என்று பொருள் புரண்டுவிடுகிறது.

ஆகவே என் முன்மொழிவு: மருந்துக்கு மசியாக் கிருமி. பெயர்ச்சொல்லாக, மசியாமை. ‘எதுக்கும் மசிய மாட்டான்’ என்று சொல்லாத தெரு சென்னையில் உண்டா? கீரை மசியல் நினைவுக்கு வருகிறது என்று ஒரு அக்கா எழுதினார்கள். வரட்டுமே, இளகிக் கொடுப்பது என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும்.

ஒரு கலைச்சொல்லைச் சோதிக்க அதிலிருந்து மற்றவை கிளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல மருந்துகளுக்கும் அடங்காததற்குப் பன்மருந்து மசியாமை. ஆன்டிபயாட்டிக் பெயரையும் பாக்டீரியா பெயரையும் சேர்த்தால், மெதிசிலினுக்கு மசியா ஸ்டஃபைலோகாக்கஸ், கார்பபெனமுக்கு மசியாக் கிளெப்சியெல்லா. எல்லாம் நிற்கின்றன. நோயாளியிடம் எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதித்துத் தரும் கல்ச்சர் அறிக்கையில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, பலிக்கும் என்றால் எஸ், பலிக்காது என்றால் ஆர் என்று போட்டிருப்பார்கள்; ‘மசியும்’, ‘மசியாது’ என்று எழுதினால் படித்தவுடன் புரியும். நடுவில் வரும் ஐ என்ற குறிக்கு, ஐரோப்பிய ஆய்வக நெறிமுறை இப்போது தரும் பொருள் ‘மருந்து கூடுதலாகச் சென்றடைந்தால் பலிக்கும்’ என்பது. ‘கூட்டிக் கொடுத்தால் மசியும்’ என்று அதையும் சொல்லிவிடலாம். ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியவில்லை.

> மருந்து வேலை செய்யாததற்கும் கை கழுவுவதற்கும் என்ன தொடர்பு? ஒரே பலகையில் இரண்டும் எதற்கு?

நல்ல கேள்வி அம்மா. மசியாக் கிருமி உருவாவதற்குக் காரணம் ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி பயன்படுத்துவது. ஆனால் ஒரு கட்டிலில் இருக்கும் கிளெப்சியெல்லாவோ அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியாவோ அடுத்த கட்டிலுக்குத் தானாக நடந்து போவதில்லை. பெரும்பாலும் எங்கள் கைதான் கொண்டுபோகிறது. கட்டில் கம்பியைத் தொட்ட கை, சலைன் குழாயைத் திருகுகிறது. போதாக்குறைக்கு, மசியாமைக்கான மரபணுவைச் சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக வேறு இனப் பாக்டீரியாவுக்கே கொடுத்துவிடுகின்றன. கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதிக்கான மரபணு அப்படிப்பட்டது. 2010இல் அது பற்றி வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன; என்டி என்பது நியூ டெல்லி; பெயரில் புதுடெல்லி இருந்ததால் எழுந்த சச்சரவு நினைவிருக்கும். 2012இல் இந்தச் சிக்கலுக்கு நாடு தழுவிய வழிகாட்டலாக வந்ததும் ‘சென்னைப் பிரகடனம்’தான்.

பலகையில் எனக்கு மிக வேண்டிய வரி இது: ‘மருந்துக்கு மசியாத கிருமியும் சானிடைசருக்கு மசியும்.’ ஆல்கஹால் பாக்டீரியாவின் புரதத்தையும் சவ்வையும் குலைக்கிறது. ஆன்டிபயாட்டிக்கிலிருந்து தப்பும் வித்தை அங்கே உதவாது. விலக்கு ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, கடின உறை கொண்ட விதைத்துகளாக (ஸ்போர்) மாறிக்கொள்ளும். அதை ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

இதனால்தான் ‘கைகழுவல்’ போதாது என்கிறேன். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி கழுவுவதும், ஆல்கஹால் கரைசலை 20 முதல் 30 விநாடி தேய்ப்பதும் சேர்ந்ததுதான் ஹேண்ட் ஹைஜீன். மேலும், கைகழுவி விடுவது என்றால் தமிழில் ஒருவரை விட்டுவிடுவது. மருத்துவமனை வாசலில் அந்தச் சொல் வேண்டாம். ‘கைத்தூய்மை’ எல்லாருக்கும் புரிகிறது, அதுவே இருக்கட்டும். தேய்ப்பதற்குக் கைத்தேய்ப்பு. சானிடைசருக்குப் புதுச்சொல் படைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2020க்குப் பிறகு பாட்டிகளுக்கும் அது தெரியும்.

எப்போதெல்லாம் கைத்தூய்மை செய்ய வேண்டும் என்ற பட்டியலுக்கு வந்த ‘ஐந்து வேளைகள்’ என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம். மூன்று வேளை மாத்திரை போல, ஒரு நாளைக்கு ஐந்து முறை என்று ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்தும் நேரக் கணக்கே இல்லை: நோயாளியைத் தொடுமுன், ஊசி அல்லது குழாய் போன்ற தூய்மையான வேலைக்குமுன், உடல் திரவம் பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின். நெருக்கடியான வார்டில் ஒரு செவிலியருக்கு இது ஒரு மணி நேரத்திலேயே பல தடவை வரும். அதனால் ‘ஐந்து தருணங்கள்’ என்போம். ‘தருணம்’ சற்றுப் புத்தக நடைதான், ஆனால் தவறாக வழிகாட்டாது. கடைசித் தருணத்தைத்தான் எல்லோரும் மறக்கிறோம், நோயாளியைத் தொடவில்லையே என்று. தலையணையையும் மானிட்டர் பொத்தானையும் தொட்டிருப்போம்.

‘மசியா’வுக்குப் பின் ஒற்று மிகுமா என்று கேட்டவருக்கு: ‘மசியா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் ‘மசியாக் கிருமி’யில் க் மிகும். ‘மசியாத கிருமி’யில் மிகாது. பலகையில் பின்னதையே எழுதலாம் என்றிருக்கிறேன், வாய்க்கு எளிது.

மே 5 கைத்தூய்மை நாளுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குமுன் இன்னொரு சொல்லுக்கும் உதவுங்கள். நோய் எதுவும் இல்லாமல் மசியாக் கிருமி தோலிலோ குடலிலோ தங்கியிருப்பதை ‘காலனைசேஷன்’ என்கிறோம். ‘குடியேற்றம்’ பொருந்தவில்லை. ‘தொற்று’ என்று சொன்னாலோ குடும்பமே நடுங்கிவிடுகிறது, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக்கும் கேட்கிறார்கள். ‘கிருமித் தங்கல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு என்ன சொல்லலாம்?