ஜேபெக் படங்களிலிருந்து வேர்டு வார்ப்புரு உருவாக்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகக் கடிதத்தாளும் இரண்டு பக்க விண்ணப்பப் படிவமும் இப்போது ஜேபெக் படங்களாக மட்டுமே எஞ்சியுள்ளன. மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. இவற்றை டிஓடிஎக்ஸ் (.dotx) வார்ப்புருக்களாக, அதாவது புதிய ஆவணங்களுக்கு அச்சாகப் பயன்படும் வேர்டு கோப்புகளாக மாற்ற விரும்புகிறேன். கோப்புப் பெயரின் நீட்சியை மட்டும் மாற்றிப் பார்த்தேன். வேர்டு அதைத் திறக்க மறுத்துவிட்டது. இணையத்திலுள்ள மாற்றித் தளம் ஒன்றில் ஏற்றியபோது டிஓடிஎக்ஸ் கோப்பு கிடைத்தது என்றாலும், பக்கம் முழுவதும் ஒரே படமாக இருப்பதால் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த இயலவில்லை. சரியான வழி எது?

மறுமொழி 1

நீட்சியை மாற்றுவதால் கோப்பின் உள்ளடக்கம் மாறாது. ஜேபெக் என்பது புள்ளிகளின் நிறங்களை 8×8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கி வைக்கும் முறை. அதற்கு எழுத்து, பத்தி, அட்டவணை எதுவும் தெரியாது. டிஓடிஎக்ஸ் என்பதோ எக்ஸ்எம்எல் என்னும் குறியிட்ட உரைக் கோப்புகளைக் கொண்ட ஜிப் (சுருக்கிய) பொதி. தங்களுக்குக் கிடைத்த கோப்பின் நகலொன்றை எடுத்து, நீட்சியை ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே மீடியா என்னும் கோப்புறையில் தங்கள் படம் அப்படியே இருக்கக்கூடும். அந்தத் தளம் படத்தை உறையில் இட்டுத் தந்திருக்கிறதே தவிர, எதையும் மாற்றவில்லை.

கடிதத்தாளுக்கு அந்த உறையே போதும், படம் உரிய இடத்தில் இருக்குமானால். புதிய ஆவணத்தில் ஹெடர் பகுதியை (பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியை) இருமுறை சொடுக்கித் திறந்து, படத்தைச் செருகி, உரைக்குப் பின்னால் இருக்குமாறு அமைத்து, ஏ4 தாளுக்கு 21 × 29.7 செ.மீ. என அளவிடுங்கள். உடற்பகுதியில் தட்டச்சு செய்யும்போது படம் மங்கலாகத் தெரியும். அச்சில் முழு நிறத்தில் வரும். முதல் பக்கத்தில் மட்டும் வேண்டுமெனில், முதல் பக்கத்திற்குத் தனி ஹெடர் என்ற தெரிவைப் படத்தைச் செருகுவதற்கு முன்பே இடுங்கள். சேமிக்கும்போது வேர்டு படங்களைத் தானாகச் சுருக்காதிருக்க, மேம்பட்ட அமைப்புகளில் அதைத் தடுத்துவிடுவது நல்லது. படத்தில் யாருடைய கையொப்பமோ முத்திரையோ இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். வார்ப்புருவில் அவை தங்கிவிட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் இடம்பெற்றுவிடும்.

மறுமொழி 2

படிவத்திற்கு அந்த வழி உதவாது. அதன் சொற்கள் உண்மையான எழுத்துகளாக வேண்டும். படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து உரையாக்கும் மென்பொருளே எழுத்துணரி. டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரி தமிழையும் படிக்கும். படம் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் அளவில், அதாவது ஏ4 பக்கத்திற்கு ஏறத்தாழ 2480 × 3508 புள்ளிகள், இருந்தால் விளைவு நன்றாக இருக்கும். சாய்வை நிமிர்த்தித் திருத்திய படத்தை மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு சேமிப்பிலும் எழுத்தோரங்கள் மேலும் கலங்கும் என்பதால், தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி தரும் பக்க அமைப்பை நம்பாமல், உரையை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டவணையை வேர்டிலேயே புதிதாக வரைவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இரண்டு பக்கங்களுக்கு இது பெரிய வேலையன்று. நிரப்ப வேண்டிய இடங்களில் புள்ளிக்கோடு போடாமல், டெவலப்பர் தாவலிலுள்ள உள்ளடக்கக் கட்டுப்பாடுகளை (நிரப்புவதற்கான பெட்டிகளை) செருகி, படிவம் நிரப்புவதற்கு மட்டும் என்று திருத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. கடிதத்தாள் சரியாக அமைந்துவிட்டது. படிவத்தின் உரையும் பெரும்பாலும் பிழையின்றி வந்துள்ளது. ஆனால் துணைக்கால் வர வேண்டிய சில இடங்களில் ரகரம் வந்துள்ளது. மேலும், வார்ப்புருவைத் திறந்து நிரப்பிய சக ஊழியர் ஒருவர் அதன் மீதே சேமித்துவிட்டார். இதை எவ்வாறு தவிர்ப்பது?

மறுமொழி 2

துணைக்காலும் ரகரமும் வடிவில் நெருங்கியவை என்பதால் அந்தக் குழப்பம் இயல்பானது. 'ஔ'காரக் குறியின் வலப்பகுதி ளகரமாகிவிடுவதும் உண்டு. எழுத்துருவை மாற்றி இவற்றைச் சரிசெய்ய முடியாது. படத்தை அருகில் வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.

வார்ப்புருவை வேர்டுக்குள்ளிருந்து 'திற' என்று திறந்தால் மூலமே திறக்கும். கோப்பின் மீது இருமுறை சொடுக்கினால் அதன் அடிப்படையில் பெயரிடப்படாத புதிய ஆவணம் உருவாகும். சக ஊழியர்களை இரண்டாவது வழியைப் பின்பற்றச் சொல்லுங்கள். கோப்பையும் படிக்க மட்டும் என்று அமைத்துவிடுங்கள்.