மனச்சோர்வு சிகிச்சை: வாழ்க்கைச் சூழலைக் கேட்டறியும் படிவத்துக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மனச்சோர்வுக்குச் சிகிச்சைக்கு வருபவரிடம் முதல் சந்திப்பிலேயே வேலை, கடன், வீட்டுப் பொறுப்பு பற்றிக் கேட்க ஒரு பக்கப் படிவம் தயாரிக்கிறோம். 2006-இல் வெளியான, ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க மனச்சோர்வு சிகிச்சை ஆய்வின் முதல் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மருந்துதான். ஆனாலும் வேலையில் இருந்தவர்களும் வருமானம் அதிகம் உள்ளவர்களும்தான் அதிகம் குணமடைந்தார்கள்.

சிக்கல் பெரும்பாலும் அளவிடுவதில் வருகிறது. இரவுப் பணி செய்பவருக்கு, மனச்சோர்வை மதிப்பெண்ணால் அளக்கும் பிஎச்கியூ-9 வினாப்பட்டியலில் தூக்கம், அசதி இரண்டுக்கும் தலா 3 மதிப்பெண் விழுந்தால் அதிலேயே 6 ஆகிவிடும். குணமானதாகக் கொள்ள மொத்தமே 5-க்குக் கீழே வர வேண்டும். மனம் தேறியிருந்தும் மருந்தளவு கூடுவது இப்படித்தான். காசில்லாமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துபவர்கள் பாடு இன்னும் மோசம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் என்றால் சில நாட்களிலேயே தலைசுற்றலும் எரிச்சலும் வரும். நோய் திரும்பிவிட்டதாக நினைத்துவிடுவார்கள்.

“மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “இரண்டு வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்றால் உண்மை வரும்.

கடனைப் பற்றியும் இப்படிக் கூச்சமில்லாமல் கேட்கும் வாக்கியம் உங்களிடம் இருக்கிறதா? வீட்டு வன்முறையைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். கூட வந்தவரை எப்படி வெளியே இருக்கச் சொல்கிறீர்கள்? படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு, மனம் தேற உதவும், 10 நிமிடத்தில் முடியும் செயல்களாக எதைக் கொடுக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.