கிராம்பு எண்ணெய் ஐஆரை ஒப்பிட இலவசத் தளம் எது?

மார்த்தாண்டம்_எம்எஸ்சி:
புராஜெக்ட்டுக்கு மாறாமலைக் கிராம்பை ஸ்டீம் டிஸ்டிலேஷன் செய்து எண்ணெய் எடுத்தேன். யூஜினால் என்ற மணச் சேர்மம்தான் வரும் என்றார்கள். ஆனால் ஐஆரில் (அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரத்தில்) 1765 செமீ⁻¹ பக்கம் நல்ல பீக் ஒன்று நிற்கிறது. அது கார்போனில் (C=O) தொகுதி விழும் இடம், யூஜினாலில் அது கிடையாதே! ஒப்பிட அசல் ஸ்பெக்ட்ரம் வேண்டும். காசு கட்டிப் பார்க்கும் தளம் எதுவும் எங்களுக்கு இல்லை. கூகுளில் தேடினால் எண்ணெய் விற்கிற கடைகள்தான் வருகின்றன. அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

தக்கலை_லேப்:
மக்கா, பெயரை வைத்துத் தேடினால் கடைதான் வரும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனியாக உள்ள சிஏஎஸ் (CAS) பதிவு எண்ணைப் பிடி. யூஜினாலுக்கு 97-53-0, ஐசோயூஜினாலுக்கு 97-54-1. இரண்டுக்கும் வாய்பாடும் ஒன்று, மூலக்கூறு எடையும் ஒன்று (164.2). அதனால் வாய்பாட்டை நம்பிப் போகாதே. எண் தெரியாத சேர்மத்துக்கு பப்கெம் (PubChem) என்ற இலவசச் சேர்மத் தளத்தில் பெயரைப் போட்டால் எண் கிடைக்கும்.

ஐஆருக்கு ஜப்பானின் ஏஐஎஸ்டி நிறுவனம் நடத்தும் எஸ்டிபிஎஸ் (SDBS) என்ற ஸ்பெக்ட்ரத் தளம் போதும். நிபந்தனையை ஏற்றால்தான் உள்ளே விடும். ஒரு நாளைக்கு 50-க்கு மேல் இறக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், உனக்கு நாலைந்து போதுமே. மாதிரியைத் திரவப் படலமாக வைத்து எடுத்தார்களா, கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) உப்பிலா என்று ஸ்பெக்ட்ரத்தோடு போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒப்பிடு. அமெரிக்க என்ஐஎஸ்டியின் வெப்புக் (NIST WebBook) தளத்திலும் ஐஆர் உண்டு, ஆனால் பல வாயு நிலையில் எடுத்தவை. உன் எண்ணெயில் 3500 பக்கம் அகலமாகப் படுத்திருக்கும் ஓஹெச் பீக், அங்கே ஒல்லியாகச் சற்றுத் தள்ளி நிற்கும். பயப்படாதே.

1765 விஷயத்தில் உன் சந்தேகம் நியாயம்தான். கிராம்பு மொட்டு எண்ணெயில் யூஜினைல் அசிடேட்டும் இருக்கும். ஃபீனால் எஸ்டரின் கார்போனில் அந்த இடத்தில்தான் விழும். 93-28-7 என்று தேடிப் பார்.

நாகர்கோவில்_ஜிசி:
ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் கருவி) எடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். அசிடேட்டின் எடை 206. ஆனால் கீட்டீன் என்ற சிறு மூலக்கூறை உதிர்த்துவிட்டு 164-இல்தான் பெரிய பீக் காட்டும். அவசரத்தில் பார்த்தால் யூஜினால் என்றே தோன்றும். 206-இல் சின்னதாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். வெப்புக்கில் ரிடென்ஷன் இன்டெக்ஸும் (ஜிசியில் எவ்வளவு பிந்தி வெளிவரும் என்று காட்டும் எண்) கொடுத்திருக்கிறார்கள். டிபி-5 வகை ஜிசி குழலில் (column) யூஜினால் 1350-ஐ ஒட்டி வரும், அசிடேட் நன்றாகப் பிந்தி வரும். உங்கள் குழல் எந்த வகையோ, அதே வகைக்குள்ள அட்டவணையைப் பாருங்கள்.

மார்த்தாண்டம்_எம்எஸ்சி:
நன்றி அண்ணா, அசிடேட்டைத் தேடுகிறேன். பப்கெமில் யூஜினாலுக்குக் கொதிநிலை ஒன்றுக்கு மேல் கிடக்கிறதே, எதை எழுத?

தக்கலை_லேப்:
பப்கெம் தானாக அளப்பதில்லை, பல இடத்திலிருந்து வாங்கித் தொகுக்கிறது. ஒவ்வொரு மதிப்பின் கீழும் யார் கொடுத்தது என்று இருக்கும். கூடவே அழுத்தத்தைப் பார். 760 மிமீ என்றால் 254 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வெற்றிடத்தில் வடித்ததென்றால் எவ்வளவோ குறையும். அழுத்தம் சொல்லாத எண்ணை நான் ரிப்போர்ட்டில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், கிராம்பில் வேறு என்னவெல்லாம் உண்டு என்று கைடு கேட்டால், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இம்பாட் (IMPPAT) தளத்தில் செடியின் தாவரவியல் பெயரைப் போடு. இந்திய மூலிகைகளுக்கென்றே தொகுத்தது, அதுவும் இலவசம்தான்.