கனவு நினைவில் நிற்க அலாரம் எப்போது வைக்கலாம்?

கனவு வருவது தெரிகிறது, கண் திறந்ததும் காணாமல் போய்விடுகிறது. சில வாரங்களாக இடையில் அலாரம் வைத்து எழுந்து எழுதிப் பார்க்கிறேன். தூக்கம் இரவு 11 முதல் காலை 7 வரை. ஒரு தூக்கச் சுழற்சி (லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவு என்று ஒரு சுற்று) சுமார் 90 நிமிடம் என்பதால், மூன்று சுழற்சி முடியும் நேரம் என்று முதலில் 3.30க்கு வைத்தேன். தலை கனத்து, பேனா எங்கே என்றே புரியவில்லை. கனவு அதிகம் வரும் ரெம் (REM, மூடிய கண்கள் வேகமாக அசையும் தூக்கம்) கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளுமாம். சரி என்று 5 மணிக்கு மாற்றினேன். சில நாள் முழுக் காட்சியே கிடைக்கிறது, பல நாள் காரணம் தெரியாத பயம் மட்டும்தான் மிச்சம். மணிச் சத்தத்தை விட்டு அதிர்வுக்கு மாறியதும், அசையாமல் கண்மூடிக் கிடப்பதும் கொஞ்சம் உதவின. எந்தத் தூக்கக் கட்டம் எப்போது என்று அறிய ஸ்மார்ட் வாட்ச்சை நம்பிப் பயனில்லை, தினம் ஒரு கதை சொல்கிறது. அப்புறம் திரும்பத் தூக்கம் பிடிப்பதுதான் பெரும்பாடு.

இரவில் ஒரே ஒரு முறைதான் எழுவது என்றால், தூங்கி எத்தனை மணி நேரம் கழித்து எழுந்தால் உங்களுக்குக் கனவு நன்றாக நினைவில் நிற்கிறது?