கோஷர் சமையலறைக்குள் நாங்கள் மூவர் பார்த்தது

எருசலேமில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஊர் மார்த்தாண்டம் பக்கம். பாட்டி யூதர். கோஷர் என்றால் யூதர்களின் உணவு விதிக்கு உட்பட்டது; அதில் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. அதனால் இந்த வீட்டுச் சமையலறையில் எல்லாமே இரண்டு. பாத்திரம் கழுவும் தொட்டிகூட இரண்டு. சிவப்புக் குறி போட்ட கத்தி இறைச்சிக்கு, நீலக் குறி பாலுக்கு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று பைபிளில் யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் உபாகமத்தில் ஒரு இடத்திலும் வருகிறதே, அந்த வசனம்தான் இதற்கெல்லாம் வேர். சிறு வயதிலிருந்து வாசித்த வசனம். அதற்குள் ஒரு முழுச் சமையலறை இருப்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கோழிக்கும் இதே விதி. தயிரில் ஊறவைத்த கோழி நடக்காது. மதியம் இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் விட்ட காபி.

அதனால் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக்குழம்பு வைத்தேன். பாட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் விருந்தாளிகள் வந்தால் தேங்காய்ப்பால் டப்பாவையும் மேசைமேல் வைக்கச் சொல்வார். குழம்பின் வெள்ளையைப் பார்த்து யாரும் மாட்டுப்பால் என்று நினைத்துவிடக் கூடாதாம். இறைச்சியோடு பாதாம் பால் சேர்த்தால் பக்கத்தில் பாதாம் பருப்பை வைப்பது அவர்களிடம் பழைய வழக்கம்.

முட்டையை நேராகச் சட்டியில் உடைக்க மாட்டோம். கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சட்டிக்குப் போகும். கீரையை ஊறவைத்து அலசி, இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பூச்சி வயிற்றுக்குள் போகக் கூடாது.

அடுப்பை மட்டும் நான் பற்றவைப்பதில்லை. யூதரல்லாதவர் தனியாகச் சமைத்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை. யூதர் ஒருவர் தீயை மூட்டிக் கொடுத்தால் போதும் என்பது இந்தக் குடும்பத்தின் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வழக்கம். பாட்டி வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, குமிழைத் திருப்பிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. யார் கையால் சாப்பிடலாம் என்ற பேச்சு நம் ஊரில் எப்படி வலித்தது என்று தெரிந்தவள் நான். ஆனால் ஒரே மேசையில் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பரிமாறியதை இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

* * *

நான் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் ஆராய்ச்சி செய்தேன், சுத்த சைவம். வரப்போகிற சைவர்களுக்குச் சொல்கிறேன்: ‘ஹலவி’ பால் வகை, ‘பசாரி’ இறைச்சி, ‘பர்வே’ இரண்டும் கலக்காதது. பர்வே என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள், முட்டையும் மீனும் அதில்தான் வரும். ஹலவி உணவகத்தில் இறைச்சிக் கரண்டி பட்டிருக்குமோ என்ற பயமே வேண்டாம். மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரத்தில் கடைகளில் ரொட்டி அலமாரிகளை மூடிவிடுவார்கள். அஷ்கெனாசிகள் பலர் அந்த நாட்களில் அரிசியும் பருப்பும்கூடத் தொடமாட்டார்கள், செபார்டிகளில் (ஸ்பெயின் வழி வந்த யூதர்) பலர் சாப்பிடுவார்கள். அரிசியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

* * *

நான் இருப்பது நம் ஊரிலேயேதான், மசாலாச் சாறு ஏற்றுமதி செய்யும் ஆலையில், தரக்கட்டுப்பாட்டில். கோஷர் சான்றிதழுக்கு ரப்பி (யூத மதகுரு) வருகிறார் என்றதும், ஏதோ ஜெபம் செய்துவிட்டுப் போவார் என்றுதான் இங்கே பலர் நினைத்தார்கள். ஜெபமே இல்லை. வந்தவர் முதலில் பாய்லரைக் காட்டச் சொன்னார். கோஷர் இல்லாத பொருள் உள்ள ஒரு தொட்டியைச் சூடாக்கிய நீராவி குளிர்ந்து தண்ணீராகத் திரும்பி வந்து, மறுபடியும் வேறு தொட்டிக்குப் போகிறதா என்பதுதான் அவர் கேள்வி. கோஷர் இல்லாத பொருள் ஓடிய கலனை 24 மணி நேரம் சும்மா போட்டுவைத்து, அப்புறம் கொதிநீர் விட்டுச் சுத்திகரிக்க வேண்டும் என்றார்.

அதைவிடக் கடினம் பட்டியல் வேலை. லேபிளில் வராத துணைப்பொருள்வரை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். எங்களிடம் இருந்த கிளிசரின் தாவரத்தில் எடுத்ததா விலங்குக் கொழுப்பில் எடுத்ததா என்று விற்றவருக்கே தெரியவில்லை. தாவரக் கிளிசரின் தருகிற வேறு ஆளைப் பிடித்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது.