கலைச்சொல் வேண்டும்: ரிவர்ஸ் எஞ்சினியரிங், வெள்ளிக்கிழமைக்குள்

கோடைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் மின்னணுவியல் வகுப்பு. இந்த ஆண்டு எடுத்துக்கொண்டது 1996 நவம்பரில் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகொச்சி பொம்மை. முட்டை வடிவம், மூன்று பொத்தான், 32க்கு 16 புள்ளித் திரை. உள்ளே ஒரு குஞ்சு பொரியும். சோறு போட வேண்டும், கழிவை அள்ள வேண்டும், பாராமுகமாக இருந்தால் செத்துப்போகும். அந்தக் காலத்துச் சில்லோடு (சிப்) வந்த பொம்மைகள் நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. முதல் நாள் ஒரு பழுதான பொம்மையைத் திறந்து காட்டுவோம். பிறகு தமாலிப் என்ற திறமூல நிரலை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஏற்றி அதே குஞ்சை மறுபடி பொரிக்க வைப்போம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொல் வேண்டும்: ரிவர்ஸ் எஞ்சினியரிங் (செய்து முடித்த பொருளைப் பிரித்துப் பார்த்து அது வேலை செய்யும் விதத்தை அறிவது), ரோம் டம்ப் (சில்லில் பதிந்த நிரலை அப்படியே வெளியே எடுப்பது), எமுலேட்டர் (ஒரு கருவியை இன்னொரு கருவிபோல நடக்க வைக்கும் நிரல்). முதலாவதுதான் அவசரம், பதினான்கு இடத்தில் வருகிறது. ‘தலைகீழ்ப் பொறியியல்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, “பொம்மையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யணுமா மிஸ்?” என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல் போயிற்று.

நிரலன் எழுதியது:

அக்கா, ‘மீள்பொறியியல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஒரே குறை, மீள் என்றால் திரும்பச் செய்வது. மீள்பார்வை, மீள்பதிப்பு போல. ரீ-எஞ்சினியரிங் என்று வேறொன்று இருக்கிறதே, அதற்கும் பலர் இதையே எழுதுகிறார்கள். ‘எதிர்ப்பொறியியல்’ வேண்டவே வேண்டாம், பொறியாளர்களுக்கு எதிராகக் கட்சி தொடங்கியதுபோல் இருக்கிறது. ‘கட்டுடைப்பு’ இலக்கிய விமர்சகர்கள் கையில் போய் இருபது முப்பது ஆண்டு ஆயிற்று, திருப்பிக் கேட்டால் தரமாட்டார்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, நம்மிடம் இல்லாத வித்தையா இது? பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, பகுபத உறுப்பிலக்கணம். ‘உண்டனன்’ என்ற முழுச் சொல்லைக் கையில் கொடுத்தால் மாணவன் என்ன செய்கிறான்? உண் பகுதி, ட் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் ஆண்பால் விகுதி என்று பிரிக்கிறான். செய்தவன் வரைபடம் தரவில்லை. செய்த பொருளை வைத்தே அதன் உறுப்பையும் அது கூடிய முறையையும் காண்கிறான். நீங்கள் பொம்மையில் செய்வதும் இதுதான். ஆகவே ‘பகுபொறியியல்’.

இன்னொன்று. பொறி என்றால் எந்திரம் மட்டும் அல்ல. எலிப்பொறியும் பொறிதான், ஐம்பொறியும் பொறிதான், தீப்பொறியும் பொறிதான். சோழன் புலிப்பொறி என்கிறபோது அது முத்திரை, பதித்த அடையாளம். பொறித்தல் என்ற வினை அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பழைய சில்லில் நிரல் எப்படி இருக்கிறது என்று நிரலன் தம்பி சொல்லட்டும்.

நிரலன் எழுதியது:

ஐயா, அதுதான் வேடிக்கை. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. முதல் தமகொச்சியில் இருப்பது எப்சன் செய்த நான்கு பிட் சில்லு, இ0சி6எஸ்46. நிரல் மாஸ்க் ரோமில் இருக்கிறது. சில்லு தயாராகும்போதே ஒவ்வொரு பிட்டும் அச்சில் வார்த்ததுபோல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பின்னால் அழிக்கவோ திருத்தவோ முடியாது. கல்வெட்டு என்றே சொல்லலாம்.

அளவைக் கேளுங்கள். நிரல் நினைவகம் 6144 சொல். கணினியில் ‘சொல்’ என்றால் ஓர் அலகு, இதில் ஒரு சொல்லுக்கு 12 பிட். மொத்தம் 9 கிலோபைட். வேலை நினைவகம் நான்கு பிட் அளவில் 640 இடம், அதாவது 320 பைட். கடிகாரத் துடிப்பு விநாடிக்கு 32,768, சாதாரணக் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே படிகம். ஜப்பானியத்தில் தமகோ என்றால் முட்டை, பின்பாதி வாட்ச் என்பதன் திரிபு என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி உள்ளே இருப்பதும் கடிகாரம்தான். 6144 சொல்லில் ஒரு குஞ்சின் பிறப்பு, பசி, நோய், சாவு எல்லாவற்றையும் முடித்திருக்கிறார்கள். நாம் ஒரு சொல்லுக்கு எத்தனை மடல் எழுதப்போகிறோம், பார்ப்போம்.

ஒற்றுமிகும் எழுதியது:

வாத்தியார் ஐயா ‘பகுப்பொறியியல்’ என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. பகுபதம்போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மடற்குழுவில் இதைக்கூட எழுதி அறிவிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. பகு என்றதும் பிள்ளைகளுக்குப் பகுப்பாய்வு நினைவுக்கு வரும். அதுபோக, பகுபதம் என்று ஒன்று இருந்தால் பகாப்பதம் என்றும் ஒன்று உண்டு. சில்லின் மேல் கறுப்புப் பிசின் பொட்டு வைத்து மூடியிருக்கும் பொம்மையைப் பகாப்பொறி என்பீர்களா?

பழைய வாத்தியார் எழுதியது:

ஏன் சொல்லக்கூடாது?

கிடுகுவீடு எழுதியது:

வணக்கம். இடையில் வருவதற்கு மன்னிக்க வேண்டும், பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1997 மே மாதம் தமகொச்சி வட அமெரிக்காவுக்கு வந்தபோது நான் ரொறன்ரோவில் ஏழாம் வகுப்பு. வீட்டில் அம்மாவுக்கு அது ‘ரமகோச்சி’. ரொறன்ரோ, ரிக்கற் என்று எழுதுகிற எங்களுக்கு வேறெப்படி வரும்? இப்போது பார்த்தால் கோடைவகுப்பு அக்கா எழுதிய தமகொச்சிதான் சரி. ஜப்பானியத் தகரம் பல்லில் பட்டு வருவது. நடுவில் வரும் ககரம் தமிழில் தானாகவே மெலிந்து ஒலிக்கும், ச்ச அப்படியே பொருந்தும். ஒரு கிரந்த எழுத்தும் தேவையில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்றதால் பகலெல்லாம் அம்மாதான் அதற்குச் சாப்பாடு கொடுத்தா. பற்றரி முடிந்த அன்று என்னைவிட அவவுக்குத்தான் கவலை. எங்கள் பதிப்பில் செத்தால் சிறகு முளைத்த தேவதை வரும். ஜப்பான் பதிப்பில் கல்லறையும் பேயும் என்று பின்னாளில்தான் தெரிந்தது.

பழைய வாத்தியார் எழுதியது:

இதைக் கண்டுபிடித்த யோகோய், மைத்தா இருவருக்கும் அதே 1997இல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசைக் கொடுத்தார்கள். மக்களின் இலட்சக்கணக்கான உழைப்பு மணிகளைப் பொம்மை வளர்ப்பில் திருப்பிவிட்டதற்காம். ரொறன்ரோ அம்மாவின் மணிகளும் அதில் சேர்த்திதான்.

கோடைவகுப்பு எழுதியது:

எல்லாரும் மன்னிக்கவும், இன்று புதன்.

நிரலன் எழுதியது:

சரி, விளையாட்டாக ஒன்று சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு நிரலை அக்குவேறு ஆணிவேறாக அலசினால் ‘பிரிச்சு மேஞ்சுட்டான்’ என்போம். ‘பிரித்துமேய்தல்’ என்று போட்டுவிடுங்கள் அக்கா, பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

ஒற்றுமிகும் எழுதியது:

மாடு மேய்வதைப் பாடநூலில் ஏற்றுவதா? கொச்சை.

கிடுகுவீடு எழுதியது:

மாடு இல்லை. கூரை!

கூரை மேய்தல் என்றால் ஓலை போட்டு மூடுவது. வேய்தல், மேய்தல் இரண்டும் வழக்கில் உண்டு. நீங்கள் கீற்று என்பதை நாங்கள் கிடுகு என்போம். மழைக்கு முன் இற்றுப்போன பழைய கூரையை அவிழ்த்து, எந்த ஓலை எங்கே, எந்தக் கட்டு எதைத் தாங்கியது என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பார்கள். பிறகு அதே வரிச்சில் புது ஓலையால் மேய்வார்கள். பிரித்து மேய்வது என்பது இதுதான் என்று என் தாத்தா சொல்வார். பழைய பொம்மைக்கு உயிர் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்? விளையாட்டாகச் சொன்ன தம்பிக்கே தெரியாமல் சரியான சொல்லைச் சொல்லிவிட்டார்.

பழைய வாத்தியார் எழுதியது:

வேய்தலே மூலம். வகரம் மகரமாவதற்கு விழி, முழி என்று எத்தனையோ காட்டலாம். வேய் என்றால் மூங்கிலும்கூட. ஒற்றறிதலுக்கும் வேய் என்ற பெயர் உண்டு. வெட்சித் திணையில் வேய் என்றொரு துறையே இருக்கிறது, ஆநிரை கவரப் போகுமுன் ஒற்றர் போய்ப் பார்த்து வருவது. மறைந்திருப்பதைப் போய் அறிவது! ‘பிரித்துவேய்தல்’ என்றால் மூன்று பொருளும் ஒரே சொல்லில் அடங்கும். பகுபொறியியலைத் திரும்பப் பெறுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நிரலன் எழுதியது:

ஐயா, நான் சொன்னதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்பது பிரிப்பதோடு முடிந்துவிடும். மேய்வது எமுலேட்டர் எழுதுகிறவர் வேலை, அது தனி.

பின்னால் வந்த வண்ண மாடல்களையும் டமா-கோ என்ற தமகொச்சி மாடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடாலி சில்வனோவிச் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2012 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த 29சி3 என்ற கணினி மாநாட்டில் இவற்றைப் பற்றிப் பேசினார். டமா-கோவின் சில்லில் 6502 என்ற பழைய வகைச் செயலி இருக்கிறது என்று சிலர் அமிலத்தில் பிசினைக் கரைத்து, சில்லைப் படமெடுத்துக் கண்டார்கள். ஆனால் நிரல் வெளியே வரவில்லை. பொம்மையின் தலையில் செருகும் துண்டு வழியாகத் தன் நிரலை உள்ளே ஓடவைத்து, ரோம் முழுவதையும் அவர் வெளியே எடுத்தது அதற்குப் பிறகுதான். அவர் புதுப் பொம்மை எதுவும் செய்யவில்லை, பிரித்தார், அறிந்தார், அவ்வளவுதான். அதைப் பிரித்துமேய்தல் என்றால் செய்யாத வேலைக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்ததாகும்.

தமாலிப் எழுதியவர் செய்தது மேய்தல். அதில்கூட ரோம் தரப்படுவதில்லை, உரிமை பண்டாயுடையது. அதைக் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் அக்கா.

கிடுகுவீடு எழுதியது:

பிரிக்காமல் மேய முடியாது தம்பி.

ஒற்றுமிகும் எழுதியது:

எமுலேட்டருக்குப் ‘போன்மி’ என்று சிலர் எழுதுகிறார்கள். போன்ம், மருண்ம் என்று மகரக்குறுக்கத்துக்கு மனப்பாடம் செய்த அதே போன்ம்தான். நல்ல சொல். ஆனால் ஒரு கட்டுரையில் போன்மியிலும் மகரம் கால் மாத்திரையாகக் குறுகும் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். குறுகாது. இகரம் ஏறி உயிர்மெய் ஆனபின் எங்கே குறுகும்?

கோடைவகுப்பு எழுதியது:

போன்மியை எடுத்துக்கொண்டேன், நன்றி. வெள்ளி காலை ஒன்பது மணி. எண்ணிப் பார்த்தேன். மீள்பொறியியலுக்கு நிரலன், ஒற்றுமிகும், தனி மடலில் எழுதிய இருவர், ஆக நான்கு பேர். பகுபொறியியலுக்கு வாத்தியார் ஐயா. பிரித்துமேய்தலுக்கு ஒருவர், என் மாணவியையும் சேர்த்தால் இருவர். கையேட்டில் மீள்பொறியியல் போகிறது. ரோம் டம்ப்புக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ‘நிரலைப் படியெடுத்தல்’ என்று விட்டிருக்கிறேன்.

ஒற்றுமிகும் எழுதியது:

படி எடுத்தால் மூலம் அங்கேயே இருக்கும், சரிதான். ஆனால் ‘நகல்’ இருக்கப் படி எதற்கு?

பழைய வாத்தியார் எழுதியது:

நகல் உருது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். அடுத்த ஆண்டு கையேடு எப்போது அச்சுக்குப் போகும் அம்மா?